முழங்கால் ஆழம்

அதுக்கு நான் என்னா தம்பி செய்வேன்? எல்லாத்துக்கும் இந்தக் கமாலுதீன்தான் கெடச்சான். தண்ணி பச்சயா இருந்தாலும் கமாலுதீனு, துண்டு காணாமப் போனாலும் கமாலுதீனு, இப்ப கொளத்துல தண்ணி இல்லன்னாலும் கமாலுதீனு. இந்தா, இந்தக் கம்பியப் புடி. அந்த மொனைய. சைக்கிள அப்பிடியே செவுத்துல சாச்சு வையி, எவனும் தொட மாட்டான். நீ பாட்டுக்கு ரோட்டுல போயிக்கிட்டிருந்தே, வா தம்பி, வந்து ஒரு கை குடுன்னு கூப்புட்டேன், அவ்ளோதான் லா. மூட்டையில என்னான்னு கேட்டேனா? மேல மரவள்ளிக்கெழங்கு தெரியுது. அடியில என்னா இருந்தா எனக்கென்னா? கள்ள அரிசியா இருக்குமோன்னு நெனக்கிறவன் நெனச்சுக்கட்டும். நான் நெனக்கல. நீ கம்பிய இழு.

இழு... இன்னும்... ம்ஹூம்.

அசையுதா பாரு. என் மாமியார எழுப்புனாக்கூட இந்நேரம் எந்திரிச்சிருப்பாக.

என்னா கதவுன்னு பாக்குறியா? இந்தப் பக்கம் நீச்சக் கொளம், அந்தப் பக்கம் கடல், நடுவுல இந்தப் பலகைக் கதவு. கடல் ஏறி வர்ற நேரமாப் பாத்து இதத் தூக்கிட்டா தண்ணி தானா உள்ள வந்து கொளம் ரொம்பிடும். அப்பறம் எறக்கிட்டா தண்ணி உள்ளயே நிக்கும். வெள்ளக்காரன் மூள. இங்க கிளப்பு நடத்துன காலத்துல அவன் இந்தக் கதவுக்கு எண்ண போட்டு, தொடச்சு, பொண்டாட்டியவிட நல்லாப் பாத்துக்கிட்டான். அப்பறம் ஜப்பான்காரன் குண்டு போட்டான், வெள்ளக்காரன் பொட்டியத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏறிட்டான். எண்ணப் புட்டியையும் சேத்துக் கொண்டுட்டுப் போயிட்டான் போல. இப்ப பாரு, கதவு பூரா சிப்பி ஒட்டிக் கெடக்கு. இதுக்கும் நான்தான் காரணம்பாங்க.

எதுக்கு இன்னிக்கி இந்த அவசரம்னு கேக்குறே. கேக்கல, ஆனா கேப்பே. அஞ்சு மணிக்குப் புதுத் தொர வர்றாரு. ஜப்பான் கப்பல் படைத் தொர. மேல பாரு, அந்தப் பலகை தெரியுதா? அதுல ஏறி நின்னு தலகீழாப் பாயிறதுல அவரு ஊருலயே பெரிய ஆளாம். நேத்து சாயங்காலம் காருல வந்தாரு. எறங்கக்கூட இல்ல. கண்ணாடி வழியா தண்ணியப் பாத்துட்டு, பலகையப் பாத்துட்டு, சின்னப் புள்ள மாதிரி கை தட்டுனாரு. கூட வந்தவரு நம்ம அப்புத்துரை மாஸ்டர். ஒனக்குத் தெரியாதா? யாழ்ப்பாணத்துக்காரரு, முந்தி ஆபீசுல கணக்கெழுதுற பெரிய கிராணி, இப்ப ஜப்பான்காரனோட நிப்பான் பாஷ படிச்சுத் தொரமாருக்கு மொழி சொல்ற வேல. அவரு எறங்கி வந்து, “கமாலுதீன், துரை நாளைக்கு வந்து பாயப் போறார், ஆழம் காணுமோ எண்டு கேக்கிறார்”ன்னாரு. நான் “ஹாய்”ன்னுட்டேன், அவனுங்க பாஷையில ஆமான்னு அர்த்தம். வேற என்னா சொல்லச் சொல்றே? அவனுங்ககிட்ட “ஹாய்”யத் தவர வேற வார்த்த சொல்லிட்டு ரெண்டு கன்னத்தோட வூடு திரும்புனவன் எவன் இருக்கான்?

இப்ப நீ எட்டிப் பாரு. ஆழம் தெரியுதா? தெரியாது, தண்ணி பாசி புடிச்சுக் கெடக்கு. அந்த மூங்கிக் கொம்ப வுட்டுப் பாரு. ம்... எடு. எவ்ளோ நனஞ்சிருக்கு? அவ்ளோதான். முழங்கால் ஆழம். அதுவும் இதுதான் ஆழமான பக்கம். அந்தப் பக்கம் சுத்தமாக் காஞ்சு, என் வூட்டுக்காரி ஹமீதா கருவாடு காய வச்சிருக்கா. சிரிக்காதே தம்பி. இதுல தொர தலகீழா வந்தாருன்னா என்னா ஆவும்? மண்ட நேரா தரையில. வேணாம், வாயால சொல்லக் கூடாது. அவரு கழுத்து போனா அதோட நிக்குமா? என்னய சயாமுக்கு ஏத்திடுவான். ரயில் ரோடு போடுற வேலைக்கு, போனவன் திரும்பாத எடத்துக்கு.

ஹமீதா தம்பி அப்பிடித்தான் போனான். கொட்டாயில படம் பாக்கப் போனவன், சட்டயக்கூட மாத்தல, கொட்டாய வளச்சு லாரியில ஏத்திட்டானுங்க. இன்னி வரைக்கும் ஒரு சேதி இல்ல. அவ இன்னும் அவன் சாப்புடுற பீங்கானக் கழுவிக் கழுவிக் கவுத்து வைக்கிறா. ஏம்மா, யாரு சாப்புட்டான்னு கழுவுறேன்னு நான் கேட்டதில்ல. கேக்க மாட்டேன். எனக்கும் பயந்தான். பகல் பூரா வாய் பேசிக்கிட்டே இருக்கேன்ல, அது பயத்துலதான் பேசுது. நான் பேசல, அதுவாப் பேசுது.

சரி, இழு. காலு இங்க வையி. பாசிமேல வைக்காதே, வழுக்கும். கேட்டியா, இதுதான் லைஃப்கார்டு வேல. எங்க கால வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு சொல்றது. எல்லாரும் என்னா நெனக்கிறாங்க? எவனாச்சும் முங்குனா குதிச்சுத் தூக்குறதுதான் வேலன்னு நெனக்கிறாங்க. அது தோத்தவன் வேல. முங்க வுடாமப் பாத்துக்குறவன்தான் லைஃப்கார்டு. முந்தி இங்க இருந்த லைஃப்கார்டு அப்பிடித்தான் சொல்லுவான். நல்ல ஒசரமான ஆளு, கழுத்துல ஊதல், தலையில வெள்ளத் தொப்பி. நான் அப்ப துண்டு மடிச்சுக் குடுக்குற வேல. பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் கவனிச்சேன். கண்ணு கத்துக்குச்சு. மத்தது... மத்தது அப்பறம் சொல்றேன்.

அவனும் கப்பல் ஏறிட்டான். தொப்பிய மறந்துட்டுப் போயிட்டான். ஜப்பான்காரன் வந்து எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, இங்க கொளத்தக் காவல் பாக்குறவன் எவன்னு கேட்டப்ப, தொப்பி என் தலையில இருந்துச்சு. வெயிலுக்குப் போட்டிருந்தேன் தம்பி. சத்தியமா வெயிலுக்குத்தான். மத்தவனையெல்லாம் ஏரோப்ளான் திடல்ல மண்ணு சொமக்க அனுப்பிட்டான், என்னய இங்கயே நிறுத்திட்டான். தொப்பியக் கழட்டியிருக்கலாம்தான். நீ இருந்தா கழட்டியிருப்பியா?

நீ எந்தப் பக்கம்? ஜெலுத்தோங்கா? அங்க இருந்து இவ்ளோ தூரம் டயருக்குப் பதிலா ரப்பர் பைப்பச் சுத்துன சக்கரத்துலயா ஓட்டிக்கிட்டு வர்றே? பாவம், இடுப்பு என்னாத்துக்கு ஆவுறது. நீச்சல் தெரியுமா? தெரியுமா? எங்க, சுங்கை பினாங்கு ஆத்துலயா? பாலத்துல இருந்து குதிப்பியா? சரி சரி, தலைய ஆட்டுனது போதும். அதெல்லாம் நீச்சல் இல்ல. அது எரும எறங்கி ஏறுற மாதிரி. எங்கிட்ட வந்து நீச்சலப் பத்திப் பேசாதே.

இந்தக் கொளத்தக் காவல் பாக்குறது எவ்ளோ சுசா, எவ்ளோ கஷ்டம்னு தெரியுமா ஒனக்கு? அந்தக் காலத்துல செவுத்துல ஆழம் இவ்ளோன்னு வெள்ள எழுத்து இருந்துச்சு. இங்கிலீசு இருக்கக் கூடாதுன்னு அழிக்கச் சொல்லிட்டான். சரி, நிப்பான் எழுத்துல எழுதிக் குடுங்கன்னேன். எவனும் எழுதல. இப்ப எந்தப் பக்கம் ஆழம்னு எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஆபத்துன்னு செவப்புக் கொடி நட்டேன். கம்யூனிஸ்டா நீன்னு ஒரு அறை. அத எடுத்துட்டு வெள்ளத் துணி கட்டுனேன். என்னா, சரண்டரான்னு அந்தக் கன்னத்துல ஒண்ணு. கொடியே வேணாம்னு ஊதல ஊதுனேன். ஏரோப்ளான் வருதுன்னு நெனச்சு பட்டாளத்துக் காம்பு பூரா பள்ளத்துல போய்ப் படுத்துக்கிச்சு, சமையக்காரன் சோத்துப் பானையோட படுத்துக்கிட்டான். ஊதலப் புடுங்கிட்டானுங்க. மெதக்குற வளையம் நாலு செவுத்துல தொங்கிட்டிருந்துச்சு, படகுக்கு வேணும்னு எடுத்துட்டுப் போனான். கயிறையும் எடுத்துட்டான். இப்ப எங்கிட்ட இருக்குறது இந்த மூங்கிக் கொம்பும், தட்டுறதுக்கு ஹமீதாவோட ஓட்டக் குவாலிச் சட்டியும்தான். அந்தக் குவாலிய தினம் காலையில அவகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வரணும்.

இழு தம்பி. என்னா நீ கடலையே பாத்துக்கிட்டிருக்கே? கையப் பாரு, கம்பியப் பாரு. கடல் எங்கயும் போயிடாது.

நேரமெல்லாம் சரியாத்தான் கணக்குப் பண்ணியிருக்கேன். பக்கத்துல மலாய்க்காரங்க கிராமம், அந்தக் கம்பத்துல பாக் மாட்டுன்னு ஒரு மீன்காரரு. காலையில அவருகிட்ட கேட்டேன், இன்னிக்கி கடல் எப்ப முழுசா ஏறும்னு. ரெண்டு மணின்னாரு. இப்ப இதுல ஒரு சங்கடம் இருக்கு. ஜப்பான்காரன் வந்ததும் ஊருக் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ டைமுக்குத் திருப்பி வைக்கச் சொல்லிட்டான்ல, ஒன்றரை மணி நேரம் முன்னால. கடலுக்கு என்னா தெரியும் டோக்கியோவ? அது பழைய டைமுலதான் ஏறும். மீன்காரரும் பழைய டைமுலதான் சொல்லுவாரு. அதனால நான் என்னா பண்ணேன், ரெண்டோட ஒன்றரையச் சேத்தேன். மூணரை. மூணரைக்குக் கதவத் தூக்குனா அஞ்சு மணிக்குள்ள கொளம் வழிஞ்சு ஓடும். எப்பிடிக் கணக்கு? மாஸ்டர் மாதிரி படிச்சவங்களுக்குத்தான் கணக்கு வருமா? மூணரையில இருந்து நான் ஒத்தையா இந்தக் கம்பியோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன். நீ வந்ததே நாலு மணிக்கு மேல.

என்னா? கைய நீட்டி என்னா காட்டுறே? கல்லு தெரியுதா? கடக்கரைன்னா கல்லு இருக்கத்தான் செய்யும் லா. எனக்கு இந்தச் செவுரு மறைக்குது, நீ ஒசரமா இருக்கே, ஒனக்குத் தெரியுது. வேடிக்க பாக்குறதுக்கா ஒன்னக் கூப்புட்டேன்? அந்தச் சிப்பியத் தட்டி வுடு, கல்லால தட்டு.

முந்தி கொளத்துல தண்ணி நெறையத்தான் இருந்துச்சு. நீ நம்ப மாட்டே. என் தலைக்கு மேல நிக்கும், கண்ணாடி மாதிரி. ஜப்பான்காரன் வந்த புதுசுல ஒரு சின்னத் தொர இருந்தான். தெனம் ஒரு புட்டி குடிச்சிட்டு வந்து தொபுக்குனு வுழுவான். ஒரு நாள் வுழுந்தவன் அந்த மூலையில போய் மேல வர்றான், கீழ போறான், மேல வர்றான், கீழ போறான். கைய மட்டும் தூக்குறான். நான் என்னா பண்ணேன் தெரியுமா? குனிஞ்சேன். சட்டம் என்னா? தொரயப் பாத்தா குனியணும், அவரு பதிலுக்குத் தலையாட்டுற வரைக்கும் நிமிரக் கூடாது. தொரமேல கைய வைக்கிறதுக்கு முன்னால உத்தரவு கேக்கணும். நான் குனிஞ்சுக்கிட்டே ஒரு கண்ணால பாக்குறேன், அவன் தலை வெளிய வருது, உள்ள போவுது. தலையாட்டிட்டான், நிமிரலாம்னு நெனப்பேன், அதுக்குள்ள மறுபடியும் போயிடுறான். சரி, இன்னொரு தடவ குனி. இப்பிடியே அவன் மேல கீழ, நான் மேல கீழ. ரெண்டு பேரும் சேந்து ஏதோ கூத்து ஆடுற மாதிரி.

கடைசியில மூங்கிக் கொம்ப நீட்டுனேன், புடிச்சுக்கிட்டான், இழுத்துப் போட்டேன். ஏன் குதிக்கலன்னு கேக்குறியா? கொம்பு இருக்கும்போது எதுக்குக் குதிக்கணும்? கொம்புதான் மொதல்ல, அதுவும் சட்டம். தவிர லுங்கி நனஞ்சா காய வைக்க வேற லுங்கி கெடையாது. தவிர... எல்லாத்துக்கும் குதிச்சிக்கிட்டேவா இருக்க முடியும்?

அன்னிக்கி ராத்திரி நான் தூங்கல தம்பி. கொம்பு எட்டாத எடத்துல அவன் வுழுந்திருந்தா? நான் கொளத்தையே நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். யோசிச்சுப் பாத்தேன். ஆளு எதுல முங்குறான்? தண்ணியில. தண்ணி இல்லன்னா? அவ்ளோதானே. மறுநாள் கடல் எறங்குற நேரத்துல கதவ ஒரு சாண் தூக்குனேன், கொஞ்சம் வெளிய வுட்டேன். யாரும் கேக்கல. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். தொரமாரு, என்னா தண்ணி கொறையுதுன்னா, வெயில் குடிச்சிருச்சும்பேன். கழுத்தளவு வந்துச்சு, நெஞ்சளவு வந்துச்சு, இடுப்பளவுக்கு வந்தப்ப சின்னத் தொரய பர்மாவுக்கு மாத்திட்டான். அடுத்து வந்தவரு ஒரு வயசான டாக்டர் தொர. மூட்டு வலி அவருக்கு. நாக்காலியப் போட்டு கால மட்டும் தண்ணியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. முழங்கால் ஆழம் அவருக்கு மருந்து மாதிரி இருந்துச்சு. அப்பறம் இந்தக் கதவத் தொடவே இல்ல, சிப்பி ஒட்டிக்கிச்சு. இந்த பினாங்குத் தீவுலயே ஒருத்தன்கூட முங்க முடியாத கொளம் எதுன்னா இதுதான். நேத்து வரைக்கும் எனக்கு அதுல எவ்ளோ பெரும தெரியுமா.

ஆமா. நான்தான். தண்ணிய எறக்குனது நான்தான். என்னா அப்பிடிப் பாக்குறே? இவ்ளோ நேரம் நான் வேற யாரயாச்சும் சொன்னேனா? சிப்பியச் சொன்னேன், வெள்ளக்காரனச் சொன்னேன். அவனுங்க மேலயும் தப்பு இருக்குல்ல.

சரி, மூச்சு வாங்குது. நீ ஒரு கெழங்கு தின்னுக்க, ஒன் கெழங்குதான். இப்ப ஒண்ணா இழுப்போம். நான் ஏலேலான்னா நீ இழு. ஏலேலா... ஏலேலா... அசையுது. தம்பி, அசையுது. வுடாதே. இன்னும்... வந்துருச்சு. வந்துருச்சு தம்பி, கதவு தூக்கிக்கிச்சு. அல்லாவே, நல்லா இருப்பே நீ. ஒன் புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கும். சத்தம் கேக்குதா? தண்ணி ஓடுற சத்தம். இந்தச் சத்தத்தக் கேட்டு எத்தன நாளாச்சு. இப்ப பாரு, அப்பிடியே ஏறும்.

ஏறுதா?

ஏறலயே. அந்தக் கொம்ப வுட்டுப் பாரு. ... இது கணுக்கால்ல இருக்கு. எப்பிடி லா கணுக்கால்? முழங்கால்லதானே இருந்துச்சு. தண்ணி... தம்பி, தண்ணி அந்தப் பக்கம்ல போவுது. ஏய், கதவ எறக்கு, எறக்கு. ஏறி மிதி. எறங்க மாட்டேங்குதே. இவ்ளோ நேரம் தூக்க மாட்டேன்னுச்சு, இப்ப எறங்க மாட்டேங்குது. என்னயத் தூக்கி வுடு, செவுத்துக்கு மேல பாக்குறேன். தூக்கு... யா அல்லா. கடல் எங்க? கடல் அங்க போயிக் கெடக்கு. கல்லெல்லாம் காஞ்சு வெயில் அடிக்குது. ஏன் தம்பி நீ சொல்லல? சொன்னியா? காட்டுனியா? காட்டுனா நான் கேக்கணும்ல, வாயத் தொறந்து கத்தியிருக்க வேண்டியதுதானே.

எறக்கி வுடு என்னய. அப்ப பாக் மாட்டு சொன்ன ரெண்டு மணி... அவரு டோக்கியோ டைமுலதான் சொல்லியிருக்காரு. மீன் வாங்குறவன் ஜப்பான்காரன்ல, அவரு அந்தக் கடிகாரத்துல இருந்திருக்காரு. ஏற்கெனவே கூட்டித்தான் சொல்லியிருக்காரு, நான் அதுமேல இன்னொரு தடவ கூட்டிட்டேன். கடல் ஏறி, நின்னு, என்னயப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கு.

பாரு, கொளத்துக்குள்ள மீனு துடிக்குது. எங்க இருந்துச்சு இதெல்லாம்? இவ்ளோ பெரிய கெளுத்தி. இதுகூடவா அந்த டாக்டர் தொர கால வச்சுக்கிட்டிருந்தாரு?

என்னா சத்தம்? காரா? காருதான். வந்துட்டாரு. குனி தம்பி, குனி. நல்லா. இன்னும். ஓடாதே, ஓடுனா சுடுவான். எம் பக்கத்துலயே நில்லு. ஒன் காலு எனக்குத் தெரியணும், ஒன் கால் பக்கத்துல இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு.

காருக் கதவு தொறந்துச்சு. பூட்சு சத்தம். ரெண்டு பூட்சு, ஒரு செருப்பு. செருப்பு மாஸ்டரு. கொளத்தாண்ட போறாங்க. நின்னுட்டாங்க... ஹாய். ஹாய். தம்பி, மாஸ்டர் கேக்குறாரு, தண்ணி எங்கை எண்டு துரை கேக்கிறாராம். நான் என்னா சொல்ல? ... மாஸ்டர், தொர வர்றாருன்னு கழுவுறதுக்காக எறக்கி வச்சிருக்கேன்னு சொல்லுங்க. ஹாய், கழுவுறதுக்கு. பாசி பாருங்க, வழுக்கும். தொர கால் வச்சு வுழுந்திடக் கூடாதுல்ல.

தம்பி, மாஸ்டர் அவரு பாஷையில சொல்றாரு. ரொம்ப நேரமாச் சொல்றாரு. நான் இவ்ளோ சொல்லலயே... கேட்டியா? சிரிக்கிறாரு. தொர சிரிக்கிறாரு தம்பி. மாஸ்டர் சொல்றாரு, இந்தப் பச்சத் தண்ணிக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாமல் எப்பிடிப் பாயிறதெண்டு துரைக்கு ராத்திரி முழுக்க யோசனையாம், அடி தெரிய வச்சிருக்கிறதால நல்ல சந்தோசமாம். கேட்டுச்சா? சந்தோசமாம். காஞ்ச கொளத்துல எவன் பாய்வான்? கண்ணுக்குத் தரை தெரியுதுல்ல. முழங்கால் தண்ணி இருந்திருந்தாத்தான் இந்நேரம் மேல ஏறியிருப்பாரு. நான் தப்பு மேல தப்பு பண்ணி நேரா வந்து நின்னுட்டேன் தம்பி. சிரிக்காதே, முதுகு குலுங்கும்.

ஹாய். கருவாடா? அது... அது தொரைக்குத்தான் மாஸ்டர். ஹாய், கொளத்து மீனு. எடுத்துக்கட்டும், எல்லாம் எடுத்துக்கட்டும். ஹமீதா என்னயக் கொல்லப் போறா.

ஹாய்... ஹாய்... என்னா மாஸ்டர்?

... ஹாய்.

தம்பி. கேட்டியா அத? நாளைக்குக் காலமை வருவாராம். கொளத்த நிரப்பி வைக்கட்டாம். அது பரவால்ல, ராத்திரி ஏத்தத்துல கடல் தானா வந்திடும், கதவுதான் எறங்காம நிக்குதே, ரொம்புனப்பறம் அடிச்சு எறக்கிக்கலாம். அதுக்கப்பறம் சொன்னாரு பாரு. நான்தான் மொதல்ல அந்த மேல் பலகையில இருந்து பாயணுமாம். நான் பாஞ்சு, அடியத் தொட்டு, எழும்பி வந்து காட்டுன பெறகுதான் அவரு பாய்வாராம். காவல்காரன் எண்டால் அப்பிடித்தானாம். நான் அதுக்கும் ஹாய்ன்னுட்டேன்.

நிமிராதே, காரு இன்னும் கெளம்பல. குனிஞ்சபடியே கேளு. ஒங்கிட்ட ஒரு விஷயம் சொல்றேன், வெளிய வுடாதே. எனக்கு நீச்சல் தெரியாது. காலு தரையில படாத தண்ணியில நான் வாழ்க்கையில எறங்குனதில்ல. தொப்பிதான் தம்பி, எல்லாம் அந்தத் தொப்பிதான். நீ பாலத்துல இருந்து குதிப்பேன்னு சொன்னேல்ல? எரும மாதிரின்னு நான் சொன்னத மனசுல வச்சுக்காதே. அது சும்மா பேச்சு. நாளைக்கு வா. தொப்பிய ஒந்தலையில வைக்கிறேன், நீ எனக்கு அசிஸ்டெண்டு. நீ குதி, நான் குனியுறேன். அதுல என்னய மிஞ்ச ஆளு கெடையாது. மூட்டையில என்னா இருக்குன்னு நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். என்னா சொல்றே?

காரு போயிருச்சு. நிமிரலாம். வேணாம், இன்னும் கொஞ்சம் குனிஞ்சே இருப்போம், திரும்பிப் பாத்தாலும் பாப்பான்.

தம்பி, ஒன் காலு எங்க?

இங்கதானே இருந்துச்சு. தம்பி... சைக்கிளும் இல்ல. மூட்டையும் இல்ல. பாசியில சக்கரம் போன தடம் மட்டும் கெடக்கு. எப்பப் போனான்? காரு வரும்போதே போயிட்டானா? அப்ப நான் இவ்ளோ நேரம் யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்? ரெண்டு கெழங்க வச்சுட்டுப் போயிருக்கான். நல்ல புள்ள. எங்கயாச்சும் நல்லா இரு.

ஹமீதா... ஹமீதா, கொஞ்சம் இங்க வா. கருவாடு எங்கன்னு அப்பறம் கேளு. குவாலியும் தர்றேன், இந்தா. மொதல்ல நான் சொல்றதக் கேளு. நீ கடக்கரையில பொறந்தவதானே. ஒங்க வாப்பா படகுலதானே வளந்தே. ஆமா, நான் லைஃப்கார்டுதான், யாரு இல்லன்னா? அத வுடு. ராத்திரி தண்ணி வந்திரும், அதுக்குள்ள ஆவணும். இந்தா, நான் இந்தக் காஞ்ச தரையில குப்புறப் படுத்துக்குறேன். மீனத் தள்ளி வுடு. நீ பக்கத்துல நின்னு சொல்லு, நான் சொன்னபடி செய்யுறேன். சிரிக்காதே ஹமீதா, அந்தப் பீங்கானுக்குப் பக்கத்துல என் பீங்கானையும் கழுவிக் கவுத்து வைக்கணுமா ஒனக்கு? சரி, சரி, அழாதே. சிரி. சிரிச்சுக்கிட்டே சொல்லு.

மொதல்ல கையா, காலா?